சின்னசாமி வீட்டுச் செடிகள்

மரியே வாழ்க

மாரிகுப்பம்
18-6-2023

அன்புள்ள மருமகள் ஐடாவுக்கு மாமா கொர்னேலியஸ் எழுதுவது. இங்கே எனக்கும் உன் அத்தை மரியகுழந்தைக்கும் மாதாவின் தயவில் உடம்பு கல் மாதிரி இருக்கிறது. கோத்தகிரிக் குளிரில் நீயும் உன் அம்மா ரெபேக்காவும் எப்படி என்று எழுதவும். போனில் கூப்பிட வேண்டாம். ஆறு வருஷம் சுரங்கத்துக்குள் டிரில் மிஷின் பிடித்த காது இது. நீ போனில் பேசினால் எனக்கு மிஷின்தான் கேட்கிறது. கடிதம் என்றால் ஒரு எழுத்தும் தப்பாது.

நீ பஸ் பார்சலில் போட்ட ஆறு செடியும் ராபர்ட்சன்பேட்டையில் என் கைக்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்ததும் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. கண்டக்டர் கீழே இறங்கி வந்து இது எந்த நாட்டுச் செடி என்று கேட்டான். என் மருமகள் கண்டுபிடித்த செடி என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். மாரிகுப்பம் வரை பெட்டி உட்காரத் தனி இடம் கொடுத்தார்கள். அதற்கு டிக்கெட் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஹைட்ரேஞ்சா என்று இதன் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தைக்குச் சோறு வெந்துவிடுகிறது. அதனால் நானே ‘ஐடா பூ’ என்று பேர் வைத்து எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் கே.ஜி.எஃப்.பில் அந்தப் பேர்தான்.

நீ எழுதி வைத்த காகிதத்தையும் படித்தேன். செம்மண் இரண்டு பங்கு, இலைமக்கு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. காலை வெயில் போதும், மதிய வெயில் ஆகாது. இதையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா? டிரில்லை விட்டபின் பதினெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவன் நான். ஆயிரம் பேர் அந்தக் கூண்டில் ஏறி இறங்கியது என் மணியை நம்பித்தான். ஒரு மணி தப்பாக அடித்தது கிடையாது. ஆறு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு ஒரு வேலையா?

இன்லண்டில் இடம் முடிந்தது. ஓரத்தில் எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார்.

உன் மாமா
கொர்னேலியஸ்


கோத்தகிரி
2-7-2023

அன்புள்ள மாமாவுக்கு ஐடாவின் வணக்கம். அம்மாவுக்கு முட்டுவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. அத்தைக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

நான் கண்டுபிடித்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள் மாமா. நர்சரியில் நாற்றுகளுக்கு நடுவே ஒரு செடி ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் குட்டையாகவே கிளைத்துப் பூத்தது. அதைத் தனியே எடுத்து வைத்து, மூன்று வருஷமாகத் தண்டு வெட்டிப் பெருக்கி வந்தேன். அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி லவினா மேடம் இப்படி ஒரு குட்டை ரகத்தைத் தேடுகிறார். பெங்களூர் பக்கம் வீட்டுக்கு முன்னால் நான்கு தொட்டி வைக்கத்தான் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஏற்ற செடி வேண்டும். மூன்று பேர் மூன்று ரகம் கொடுத்திருக்கிறோம். மற்ற இரண்டும் ஓசூரிலும் சேலத்திலும் சோதனையில் இருக்கின்றன. என்னுடையது உங்களிடம் இருக்கிறது. மலையில் இது பூப்பதில் அதிசயம் இல்லை. உங்கள் ஊர் வெயிலிலும் போர் தண்ணீரிலும் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மார்ச்சில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். என்னுடையது தேறினால் ரகச் சோதனைப் பிரிவில் என்னை நிரந்தரமாக்குவதாக மேடம் சொல்லியிருக்கிறார். எட்டு வருஷமாகத் தினக்கூலியில் இருக்கிறேன்.

அதனால் மாதம் ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை செடி, எவ்வளவு உயரம், இலை எப்படி, அதுமட்டும் போதும். செடி செத்தால் செத்தது என்று எழுதுங்கள். ஏன் செத்தது என்று தெரிந்தால் அதுவும் எனக்குப் பயன்தான்.

அத்தைக்கு என் அன்பு.

ஐடா


மரியே வாழ்க

மாரிகுப்பம்
9-8-2023

அன்புள்ள ஐடாவுக்கு, உன் கடிதம் கண்டேன். ரெபேக்காவின் முட்டுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல். அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன டாக்டருக்கே இப்போது சர்க்கரை வந்துவிட்டது. இவள் நன்றாக இருக்கிறாள்.

செடிகளைப் பற்றிக் கேட்டாய். ஆறும் பட்டாளத்தில் நிற்பது மாதிரி வரிசையாக நிற்கின்றன. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். என் உள்ளங்கை உனக்குத் தெரியும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு டாக்டரம்மா காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் மாதா பீடத்துக்கு இரண்டு தொட்டி கேட்டார். மார்ச் வரைக்கும் அசைக்க முடியாது சாமி, இது சயின்ஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நிற்க. பக்கத்து லைன் சின்னசாமியை உனக்குத் தெரியும். என்னோடு கேஜில் வேலை பார்த்தவன். அவனிடமும் இதே மாதிரிச் செடி ஆறு இருக்கிறது. எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் செடிகளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து வருகிறது. ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் தொட்டியில் குளம் மாதிரி நிற்கிறது. பாவம், விவரம் இல்லாதவன். வேலையிலும் அப்படித்தான். ஒரு தடவை மூன்று மணி அடிக்க வேண்டிய இடத்தில் நான்கு அடித்து ஒரு டிராலியையே நொறுக்கினான். அவனுக்கு என்ன வைத்தியம் சொல்லலாம்? எனக்குத் தெரியும். ஆனாலும் படித்தவள் சொன்னால் கேட்பான் என்று பார்க்கிறேன்.

அத்தை உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறாள். என் காதில் விழவில்லை.

உன் மாமா
கொர்னேலியஸ்


கோத்தகிரி
21-8-2023

அன்புள்ள மாமாவுக்கு, இங்கே மழை விடவில்லை. அம்மா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டு நாளாகக் கம்பளிக்குள் இருக்கிறார். உங்கள் காது எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை வைத்து, ஆறு செடியும் நலம் என்று முதல் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடத்துக்குச் சந்தோஷம்.

சின்னசாமி மாமாவிடம் ஆறு செடி இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இந்த ரகம் நர்சரியை விட்டு வெளியே போனது உங்களுக்கு வந்த பெட்டியில் மட்டும்தான். அது இருக்கட்டும். தண்ணீர் மேலேயே நின்றால் வேர் அழுகும். அவர் உடனே செடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் மண்ணை உதறி, புதிய மண்ணில் வைக்க வேண்டும். நிழல் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். என்ன மண் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

அத்தை உள்ளேயிருந்து என்ன சொன்னார் என்றும் எழுதலாம்.

ஐடா


மரியே வாழ்க

மாரிகுப்பம்
15-10-2023

அன்புள்ள ஐடாவுக்கு, பதில் தாமதமானதற்குக் காரணம் ஊர் வேலை. என்னைக் கேட்காமல் இங்கே ஒரு கல்யாணமும் நடப்பதில்லை. நாங்கள் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியமா?

மண் பற்றிக் கேட்டாயே, சின்னசாமியைப் பிடித்து விசாரித்தேன். மணல் ஒரு பங்கு என்று எழுதியிருந்ததாம். அவன் நேராகச் சயனைட் மேட்டுக்குப் போய் ஒரு மூட்டை அள்ளி வந்துவிட்டான். சர்க்கரை மாதிரி மணல், சும்மா கிடைக்கிறது, அதில் இன்னும் பொடித் தங்கம் மிச்சம் இருக்கிறது, பூ ஜொலிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். நல்ல மணல் என்பதால் ஒரு பங்குக்கு மூன்று பங்காகவே போட்டானாம். எந்த மணல் என்று காகிதத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அவன் ஏன் இதைச் செய்யப் போகிறான்? அவனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது.

நீ சொன்ன வைத்தியம் போய்ச் சேருவதற்குள் அவனுக்கு ஐந்து செடி போய்விட்டது. ஒன்று எங்கே என்று தெரியவில்லை.

என்னுடையவற்றைப் பார்க்க நீ வர வேண்டும். நேற்று ஒன்று பூத்தது. டிபன் தட்டு அளவு. அசல் நீலம். போலீஸ் ஜீப் விளக்கு மாதிரி நீலம். ராத்திரியில் அதன் வெளிச்சத்தில் நான் ஜெபப் புத்தகம் வாசிக்கலாம்.

உன் மாமா
கொர்னேலியஸ்


கோத்தகிரி
30-10-2023

அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் நலம். அத்தையும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

சயனைட் மேட்டில் இருப்பது மணல் இல்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய கல்மாவு. நனைந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கல்லைக் கழுவிய மருந்தின் மிச்சமும் அதில் இருக்கும். அதில் வைத்து ஒரு செடி பிழைத்திருந்தால்தான் ஆச்சரியம். ஆற்று மணல் என்று நான் எழுதியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

இன்னொன்று. உங்கள் ஊர்ப் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மாதக்கணக்கில் படிகாரம் கரைத்து ஊற்றினால் ஒழிய இந்தப் பூ அங்கே நீலமாக வராது. ரோஸ் நிறத்தில்தான் வரும். பெட்டியில் கட்டியிருந்த அட்டைப் படம் இங்கே மலையில் எடுத்தது. அதில் நீலம்.

லவினா மேடம் எங்கள் சூப்பர்வைசர் ராஜேந்திரன் சாரைப் பிப்ரவரியில் அங்கே அனுப்புகிறார். செடிகளை அளந்து போட்டோ எடுப்பார். ஆறு செடி நலம் என்ற அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது, மாமா. நான் போய்ப் பார்க்காமல் போட்ட கையெழுத்து.

செத்த செடிகளின் விவரமும் எனக்கு வேண்டும். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சின்னசாமி மாமாவுக்கே நேராக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

ஐடா


கோத்தகிரி
10-1-2024

அன்புள்ள மாமாவுக்கு, புத்தாண்டில் உங்கள் இருவருக்கும் நல்ல சுகம் கிடைக்க அம்மாவும் நானும் ஜெபிக்கிறோம்.

அக்டோபருக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சின்னசாமி மாமாவும் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் கார்டு மட்டும் வந்தது. முகவரி அத்தையின் எழுத்தில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: “செடியைப் பற்றி மாமா எழுதுவார்.”

ராஜேந்திரன் சார் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வருகிறார். அவர் பார்ப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தால், நானே மேடத்திடம் சொல்லிவிட முடியும். அவர் வந்து பார்த்தபின் என்றால் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்காது.

ஐடா


மரியே வாழ்க

மாரிகுப்பம்
20-1-2024

அன்புள்ள ஐடாவுக்கு, மாமா எழுதுவது. அத்தைக்குச் சர்க்கரை கூடித்தான் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்கு இடது காது முழுசாகப் போய்விட்டது.

நவம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். சின்னசாமி உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் மருமகள் நளினி அதை அவனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாளாம். என் நல்ல காதுப் பக்கம் பார்த்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

“இன்னா கொர்னேலியசு, என் வூட்ல அஞ்சு செடி செத்துப்போச்சாமே. எப்போ எடுக்கறோம்?” என்றான்.

தபால் மாறி வந்திருக்கும் என்றேன். ஐடா வேறு சின்னசாமிக்கு எழுதியிருப்பாள் என்றேன். அவன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அத்தை மூன்று டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, மூன்றாவதைத் தானே எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். “சொல்லிடுங்க, நானும் கேட்டுக்கறேன்” என்றாள்.

சொன்னேன். சின்னசாமிக்குச் செடி கிடையாது. ஒன்றும் கிடையாது. நீ அனுப்பிய ஆறும்தான் அவை. சயனைட் மேட்டுக்கு மூட்டை எடுத்துக்கொண்டு போனது நான். இரண்டு மாதத்திலேயே இலை தீய ஆரம்பித்துவிட்டது. உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வைத்தியம் மட்டும் வேண்டியிருந்தது. அதனால் அவன் பேரைப் போட்டேன். உன் பதில் வந்தபின்னும் தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. கவிழ்த்தால் எல்லாம் தோற்றதாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஐந்தும் ஆகஸ்டு முடிவதற்குள் காய்ந்தன. நீலப் பூ நீ சொன்ன அதே அட்டையைப் பார்த்து எழுதியது. டாக்டரம்மா வரவில்லை. சாமியார் தொட்டி கேட்கவில்லை.

சின்னசாமி டீயைக் குடித்து முடித்தான். கோபப்படவில்லை. “ஒங்கிட்ட தப்பு வந்தா கொட்றதுக்கு நான்தான் மேடா? அன்னிக்கி மணி, இன்னிக்கி செடி” என்றான். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மணி என்று அவன் சொன்னது உனக்குப் புரிய வேண்டும். 1994இல் டிராலி பாதி கூண்டிலும் பாதி வெளியிலும் இருக்கும்போது நான்கு மணி அடித்தது நான். மூன்றுதான் அடிக்க வேண்டும். கூண்டு கிளம்பி டிராலி நொறுங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. விசாரணையில் நான் சும்மா இருந்திருக்கலாம். மணிக் கயிற்றில் கை வைத்திருந்தது சின்னசாமி என்று சொன்னேன். அவனைப் பதினைந்து நாள் வேலைக்கு வராதே என்று நிறுத்தினார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் இதுவரை கேட்டதில்லை. டீ குடித்த அன்றும் கேட்கவில்லை.

இதை எழுத இரண்டு மாதம் ஆனது. ஏழு இன்லண்டு கிழித்தேன். ஏழு இல்லை, மூன்று.

ஆறாவது செடி இருக்கிறது. உன் ஆகஸ்டு கடிதத்தை அத்தையும் படித்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் ஒரு செடியை எடுத்து, வேரை அலசி, ஒரு பழைய பெயிண்ட் டின்னில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய புங்கை இலையும் போட்டு நட்டிருக்கிறாள். குளிக்கிற அறைக்கு வடக்குப் பக்கம் சுவரோரம் வைத்திருக்கிறாள். அங்கே ஒன்பதரை மணிக்கு வெயில் போய்விடுகிறது. அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுகிறாள். நான் அதைச் செப்டம்பரில்தான் பார்த்தேன். உயரம் ஸ்கேலில் வைத்துப் பார்த்ததில் பதினான்கு அங்குலம். கிளை ஐந்து. பூ இல்லை. கீழே இலை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. மதியம் துவள்கிறது, சாயங்காலம் நிமிர்கிறது. அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன்.

இந்தக் கடிதத்தை உன் மேடத்திடம் காட்டலாம்.

மாமா


கோத்தகிரி
4-2-2024

அன்புள்ள மாமாவுக்கு, இடது காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா? அத்தை மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அம்மா இதை இரண்டு முறை எழுதச் சொன்னார்.

உங்கள் கடிதத்தை நகல் எடுத்து அறிக்கையோடு வைத்தேன். மணி பற்றிய பகுதியை மட்டும் மடித்து மறைத்து எடுத்தேன். ஆகஸ்டு அறிக்கை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ராஜேந்திரன் சார் சொன்ன தேதியில் வருவார். பெயிண்ட் டின்னை இடம் மாற்ற வேண்டாம், துடைத்து வைக்கவும் வேண்டாம். இருக்கிற இடத்தில் இருக்கிறபடி அவர் பார்க்கட்டும்.

கிளை நுனிகளை வெட்டாதீர்கள். இந்த வருஷத்து மொட்டு அங்கேதான் இருக்கும். மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்வது இதன் சுபாவம். அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டாம். கீழ் இலை மஞ்சள் போர் தண்ணீரால். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

ஐடா


மரியே வாழ்க

மாரிகுப்பம்
18-2-2024

அன்புள்ள ஐடாவுக்கு, நலம். டாக்டர் காதுக்கு மிஷின் வைக்கச் சொல்கிறார். மிஷினால் போன காதுக்கு இன்னொரு மிஷினா என்று வந்துவிட்டேன். அத்தை மறுபடி கூட்டிப்போவாளாம்.

ராஜேந்திரன் வந்தார். பேச்சு குறைந்த மனிதர். டின்னை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தார், நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது என்று அத்தையிடம் கேட்டு எழுதினார். சயனைட் மேட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு கவர் மண் எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அந்த மேடு உலகத்திலேயே பெரியது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது சின்னசாமி எங்கள் கேட்டில் நின்றிருந்தான். பால் வாங்கிப் போகிறவன் மாதிரி நின்றான். ராஜேந்திரன் மற்ற ஐந்தும் யாரிடம் இருந்தன என்று கேட்டார்.

“எங்கிட்டதான் சார். சாகடிச்சது நான்தான்” என்றேன். காது கேட்காதவன் சத்தமாகத்தான் பேசுவான். நான்கு வீட்டுக்குக் கேட்டிருக்கும். சின்னசாமி பாலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போனான்.

உன்னை மேடம் திட்டினாரா? எழுதவும்.

மாமா


கோத்தகிரி
7-4-2024

அன்புள்ள மாமாவுக்கு, அம்மாவும் நானும் நலம். நீங்கள் காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டதாக அத்தை எழுதியிருந்தார். சந்தோஷம்.

சேலத்தில் இருந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்னுடையதைத் தள்ளவில்லை. ஒரு செடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவு. சுவரின் வடக்குப் பக்கம் பற்றிய குறிப்பை ராஜேந்திரன் சார் அறிக்கையில் தனியாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டு செடி ஜூலையில் வரும். யார் பொறுப்பு என்று ஒரு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பெயரை எழுதலாமா?

இப்போது நான் பேக்கிங் பகுதியில் இருக்கிறேன். அதனால் கடிதம் முன்போல் உடனே வராது. பூ வந்தால் நிறம் மட்டும் எழுதுங்கள்.

ஐடா


மரியே வாழ்க

மாரிகுப்பம்
2-6-2024

அன்புள்ள ஐடாவுக்கு, இங்கே எல்லோரும் சுகம். காது மிஷின் வேலை செய்கிறது. இத்தனை நாள் அத்தை உள்ளேயிருந்து சொன்னதெல்லாம் இப்போது கேட்கிறது.

பேக்கிங்கில் இருப்பதாக எழுதியிருந்தாய். ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை, காரணம் தெரிகிறது.

பன்னிரண்டு செடிக்கும் அத்தை பேரை எழுது. சுவருக்கு வடக்கே அவ்வளவுக்கும் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். மணல் அவள் சொல்கிற இடத்திலிருந்து கொண்டு வருவேன். மழைத் தண்ணீருக்கு இரண்டு டிரம் வைத்திருக்கிறேன். ஒன்று ஓட்டை.

பழைய செடியின் கணக்கு: உயரம் பதினாறு அங்குலம். பூக்கொத்து மூன்று. இரண்டு டீ சாசர் அளவு, மூன்றாவது அதைவிடச் சின்னது. நிறம் ரோஸ், வெளுத்த ரோஸ். ஒரு கொத்தின் ஓரம் வெயிலில் பழுப்பாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை. தபால்காரர் மட்டும், இன்னா பூ இது என்று கேட்டார். ஐடா பூ என்றேன். அந்தப் பேரை மட்டும் நான் மாற்றவில்லை.

ஒரு தப்பு நடந்திருக்கிறது, அறிக்கையில் சேர்த்துக்கொள். உன்னைக் கேட்காமல் அத்தை பிப்ரவரியில் ஒரு தண்டு வெட்டி வேர் விட வைத்தாள். வெட்டச் சொன்னது நான். போன வாரம் அதை ஒரு சின்னத் தொட்டியில் வைத்து நானே பக்கத்து லைனுக்குக் கொண்டு போனேன். இது எதற்கு என்று சின்னசாமி கேட்டான். உன் பேரில் ஒன்று இருக்கட்டும் என்றேன். 1994இல் ஏன் பேசாமல் இருந்தாய் என்றும் கேட்டேன். அவன் தொட்டியைத் திருப்பித் திருப்பி மண்ணைப் பார்த்தான். விரலால் கிண்டியும் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு வடக்குப் பக்கம் வைத்தான்.

சின்னசாமி வீட்டுச் செடி: ஒன்று. உயரம் நான்கு அங்குலம். இலை ஏழு. ஓரம் தீயவில்லை. இன்று காலை நானே போய் எண்ணிவிட்டு வந்து எழுதுகிறேன்.

மாமா